பாலா அண்ணை பல்லிக்குக் கட்டிய வீடு

லண்டன் மோர்டனில் பாலேந்திரா அண்ணையின் வீட்டுச் சின்ன அறைக்கு நான் வாடகைக்கு வந்து சேர்ந்தபோது அந்த வீட்டுச் சுவர்களில் ஓர் ஆணிகூட இருக்கவில்லை. மணிக்கூடு அலுமாரியின் மேல், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. சாமிப் படங்கள் ஒரு சாப்பாட்டுக் கதிரையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. விருந்தாட்கள் கூடிவிட்டால் பிள்ளையாரையும் முருகனையும் தூக்கி யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுக் கதிரையை விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். செற்றி வாங்கிப் பல வருடமாகியும் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் உரிபடவில்லை. வெயில் காலத்தில் அதில் இருந்து எழும்புகிற எவரையும் அது சத்தம் போடாமல் விடாது.

“இருக்கிறதோ போறதோ எண்டு ஒரு முடிவு வரட்டும் தம்பி. பிறகு ஆணி அடிப்பம்,” என்று முதல் நாளே அண்ணை எனக்கு விளங்கப்படுத்தினார். அவர் லண்டனுக்கு வந்தது எண்பத்து நாலில். இதை எனக்குச் சொன்னது தொண்ணூறில்.

அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. உறைந்த மீன் மொத்தமாக விற்கிற ஒரு கொம்பனியில் கணக்குப் பகுதியில் இருந்தார். அங்கே அவருடைய பேனை தயங்கியதே இல்லையாம். சொந்த விஷயம் என்று வந்தால்தான் அவரிடம் ஒரே ஒரு சொல் இருந்தது: பாப்பம். சப்பாத்து வாங்க என்று கடைக்குப் போவார். சப்பாத்துக்குப் பூசுகிற பொலிஷோடு திரும்பி வருவார். சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரன் என்ன சொல்கிறானோ அதையே தனக்கும் சொல்லுவார். அந்த வீட்டைக்கூட அவர் வாங்கவில்லை. மனைவி செல்வமலர் அக்காவின் தமையன் வந்து பார்த்து, பேசி, கையில் பேனையையும் கொடுத்து ஒப்பம் வைப்பித்தார்.

இதற்கெல்லாம் காரணம் பல்லி என்பது எங்கள் ஆட்களில் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணை ஊரில், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். அவருடைய மேசைக்கு நேர் மேலே ஒரு பல்லி இருந்ததாம். கடன் கேட்டு வந்த மனுவைக் கையில் எடுத்து, கொடுக்கலாமோ விடலாமோ என்று யோசிக்கிற நேரத்தில் அது சொன்னால், மேசையில் மூன்று தரம் தட்டிவிட்டு ஒப்பம் வைப்பார். சொல்லாவிட்டால் மனு அடுத்த கிழமைக்குப் போகும். பேச்சுக்கு நடுவில் பல்லி சொன்னால் எங்களில் பாதிப் பேருக்குக் கை தானாகவே போய்த் தட்டும், அதில் ஒன்றும் புதினமில்லை. மற்றவர்கள் முடிவெடுத்துவிட்டுப் பல்லியைக் கேட்பார்கள். பாலா அண்ணை பல்லியைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

“நான் வங்கியிலை இருந்த காலம் முழுக்க ஒரு பிழையான முடிவும் எடுக்கேல்லை,” என்பார்.

“எடுத்தது பல்லி,” என்பா செல்வமலர் அக்கா, தோசைக்கல்லைப் பார்த்தபடி. “என்னைக் கட்டச் சொன்னதும் அதுதான். நான் அதுக்கு இன்னும் நன்றி சொல்லேல்லை.”

அக்கா வேலை செய்தது சட்டனில், கத்தரின் என்ற ஆங்கிலேய மூதாட்டி நடத்திய தையல் திருத்தக் கடையில். காற்சட்டை கட்டையாக்குவது, சிப் மாற்றுவது, மெலிந்தவர்களுக்கு உடுப்பை ஒடுக்குவது, கொழுத்தவர்களுக்குத் தையலைத் தளர்த்துவது. கத்தரின் முன்னால் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து ஆட்களோடு கதைப்பா. அக்கா பின்னறையில், முற்றத்துக் கதவுக்குக் கிட்ட, இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு தைப்பா. அந்த வருடம் கத்தரினுக்கு முழங்கால் முடியாமல் போய், மகளோடு போய் இருக்கப்போகிறேன், கடையை நீயே எடு என்று அக்காவிடம் சொன்னா. குத்தகையைக் கைமாற்ற வீட்டைக் கடனுக்கு ஈடு வைக்கவேண்டும். அதற்குப் புருசன் பெண்சாதி இருவரும் ஒப்பம் வைக்கவேண்டும். ஈஸ்டருக்கு முன் பதில் வேண்டும் என்றும் சொல்லிவிட்டா.

அக்கா அதை அண்ணையிடம் சொன்ன அன்று நானும் மேசையில் இருந்தேன். கடையின் பெயர்ப்பலகைக்குப் பச்சை நிறம், எழுத்து வெள்ளை என்பதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. அதை அடுத்த நாள் பஸ் தரிப்பில் எனக்குச் சொன்னா. அதிலிருந்துதான் இந்தக் கடை அவவுக்கு எவ்வளவு தூரம் உள்ளே போய்விட்டது என்று எனக்கு விளங்கியது.

அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே பாப்பம் என்றார். அடுத்த கிழமையும் பாப்பம் என்றார். மூன்றாம் முறை அக்கா கரண்டியை வைத்துவிட்டு நேரே பார்த்தபோதுதான் உள்ளதைச் சொன்னார்.

“இந்த நாட்டிலை ஒரு பல்லிகூட இல்லை, செல்வம். ஒரு சொல்லுச் சொல்ல ஆளில்லாத வீட்டிலை நான் எப்பிடி முடிவெடுக்கிறது?”

அந்தச் சனிக்கிழமை அக்கா வேலை முடிந்து வந்தபோது கூடவே ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தா. மனிதரின் கையில் ஐஸ்கிறீம் பெட்டி. மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

அவர் பெயர் லெட்சுமணன். மலேசியாத் தமிழர், ஈப்போவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நகரத்தில் ஒரு வங்கியில் கம்பியூட்டர் வேலை. கத்தரினின் கடைக்கு வேலைக் காற்சட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பவர். மனைவி மக்கள் இல்லை. வீட்டில் பாம்பும் ஓணானும் பல்லியும் வளர்த்தார். அவை குஞ்சு பொரித்துப் பெருகி, கொடுக்க நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அண்ணை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளிகள். வால் வாழைப்பொத்தி மாதிரித் தடித்திருந்தது. அது அவரைத் திரும்பிப் பார்த்து, நிதானமாக ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தது. அண்ணை ஓரடி பின்னுக்குப் போனார். எங்கள் பல்லிகளுக்கு இமை கிடையாது.

இது சுவரில் ஏறுமோ என்று கேட்டார். ஏறாது, காலில் அந்தப் பிடிப்பு இல்லை, தரையில் நடக்கிற இனம் என்றார் லெட்சுமணன். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துக் கற்களுக்கு இடையில் இருக்கிறதாம். பெட்டை.

“சுவரிலை ஏறாது. கண்ணை மூடித் திறக்குது. இதைப் பல்லி எண்டு ஆர் சொன்னது?”

“நீங்களும் சுவரிலை ஆணி அடிக்கிறேல்லைத்தானே,” என்றா அக்கா. “ரண்டு பேருக்கும் சரிவரும்.”

லெட்சுமணன் தன் பொருளின் சிறப்பை எடுத்துச் சொன்னார். “சத்தமே போடாதுண்ணே. வீட்டுல ஒரு தொந்தரவும் இருக்காது.”

அண்ணை அவரை இரக்கத்தோடு பார்த்தார். “நீர் அதிட்டை எப்பவாவது ஏதும் கேட்டனீரோ?”

“எதுக்குண்ணே கேக்கணும்?”

“கேக்காட்டி அது என்னத்தைச் சொல்லும்?”

லெட்சுமணன் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக நின்றார். பல்லியை இன்று விட்டுவிட்டுப் போகமாட்டேன், முதலில் அதற்கு ஒழுங்கான இடம் தயாராகட்டும், வந்து பார்த்து, எனக்குத் திருப்தி என்றால்தான் தருவேன் என்று ஐஸ்கிறீம் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெண் கொடுக்கிற வீட்டாரின் தோரணை அதில் இருந்தது.

அப்படித்தான் பாலா அண்ணை தன் வாழ்க்கையில் முதல் முதலாக ஒரு வீடு கட்டத் தொடங்கினார்.

பழைய மீன் தொட்டி ஒன்றை ஒரு கார்ப் பார்க்கில் நடந்த ஞாயிற்றுச் சந்தையில் நானும் அவரும் வாங்கிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். நூலகத்தில் இருந்து புத்தகம் எடுத்து வரும்படி எனக்குக் கட்டளை. அவர் இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாதவர் அல்ல. ஆனால் பல்லி விஷயத்தைத் தமிழில் கேட்டால்தான் மனதுக்கு நிச்சயமாக இருக்கும் என்றார். நான் ஒரு பக்கம் வாசித்துத் தமிழில் சொல்ல, அவர் இறால் தோல் உரிக்கிற கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். தொட்டியின் ஒரு தலைப்பு சூடாக இருக்கவேண்டும், மற்றத் தலைப்பு குளிர்ச்சியாக இருக்கவேண்டும், இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு குகை வேண்டும், தண்ணீர் குளிர்ந்த பக்கத்தில் வேண்டும் என்று புத்தகம் சொன்னது.

“ஏன் ரண்டு பக்கம்?”

நான் மொழிபெயர்த்தேன். பல்லிக்கு எது வேணுமோ அங்கை அது தானே போகும். சூடு வேணுமெண்டால் சூட்டுக்கு, குளிர் வேணுமெண்டால் குளிருக்கு.

“தானே முடிவெடுக்கும்,” என்றார் அண்ணை, கொஞ்சம் மரியாதையோடு. அன்றிலிருந்து பல்லியை ‘அவ’ என்றே சொன்னார்.

அடுத்தது திசை. பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் பல்லி எந்தத் திசையில் இருந்து எந்தக் கிழமை சொன்னால் என்ன பலன் என்று ஓர் அட்டவணை உண்டு. ஊரில் பல்லி வீடு முழுக்க ஓடித் திரியும், அது தான் விரும்பிய திசையில் நின்று சொல்லும். இதுவோ கண்ணாடிக்குள் இருக்கப்போகிற பல்லி. தொட்டியை மேற்கு மூலையில் வைத்தால் அது எதைச் சொன்னாலும் மேற்குப் பலன்தான். ஒரு பக்கத்து வக்கீலை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வழக்கு விசாரிப்பதைப்போல இருக்கும் என்றார். அதனால் தொட்டி அறையின் நட்டநடுவில், கண்ணாடி மேசையில் ஏறியது. நாங்கள் அதைச் சுற்றி வந்து ரீவி பார்த்தோம். வந்த விருந்தாளி ஒருவர் தெரியாமல் மூன்று தரம் சுற்றினார்.

மேற்பார்வைக்கு வந்த லெட்சுமணன் தலையை ஆட்டினார். மேசை ஆடுகிறது, கதவுக் காற்று அடிக்கிறது, வயர் காலில் தட்டுப்படும், இது சரிவராது. புகைபோக்கிக்குப் பக்கத்து மாடம்தான் நல்ல இடம் என்று காட்டினார். அண்ணை ஓர் இரவு யோசித்து வழி கண்டுபிடித்தார். வீட்டின் திசை இருக்கட்டும். பல்லிக்குத் தொட்டிதான் உலகம். ஆகவே தொட்டியின் நடுவில் இருந்து திசை பார்க்கவேண்டும். திசைகாட்டி ஒன்று வாங்கினார். அது ரேடியேற்றருக்குப் பக்கத்தில் போனால் வடக்கை வேறு பக்கம் காட்டியது. பிறகு திசைகாட்டியை விட்டுவிட்டு, காலையில் சூரியன் எந்த யன்னலால் வருகிறது என்று பார்க்க எழும்பினார். மார்ச் மாதத்து லண்டனில் சூரியனைப் பிடிக்க அவருக்குப் பல காலைகள் போயின. கடைசியில் தொட்டியை வடக்குத் தெற்காக வைத்து, அடிப்பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி எட்டுத் திக்கும் பிரித்தார். சூட்டுப் பாய் தென்கிழக்கில் வந்தது, அக்கினி மூலை. தண்ணீர்க் கிண்ணம் வடகிழக்கில் வந்தது, ஈசான மூலை. புத்தகம் சொன்னதும் சாத்திரம் சொன்னதும் ஒத்துப்போனதில் அவருக்கு இருந்த ஆனந்தம் கொஞ்சநஞ்சமல்ல.

நிலத்துக்கு விரிக்கப் பேப்பர் போதும் என்றார் லெட்சுமணன். வீட்டில் கிடந்தவை தமிழ்ப் பத்திரிகைகள். அதில் பல்லி மிதிப்பதும் அதற்கு மேல் மற்றதும், சரஸ்வதிக்கு அடுக்காது என்று அண்ணை மறுத்துவிட்டார். இங்கிலிஷ் பேப்பர் என்றால் பரவாயில்லையாம். இரண்டு மொழியிலும் குட்டு வாங்கிப் படித்த எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் பஸ்ஸில் கிடந்த இங்கிலிஷ் பேப்பர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

மாடத்தில் தொட்டி நிற்கத் தட்டு வேண்டும். தட்டு நிற்கச் சுவரில் இரும்பு வேண்டும். ஒரு சனிக்கிழமை கடைக்குப் போன அண்ணை பொலிஷோடு திரும்பவில்லை. துளைக்கிற மெசின், ஆணி, அளவுநாடா, மட்டம் பார்க்கிற குமிழிக் கட்டை எல்லாவற்றோடும் திரும்பினார். மெசின் சத்தம் கேட்டு அக்கா குசினியில் இருந்து அகப்பையோடு ஓடிவந்தா. அந்த வீட்டுச் சுவரில் முதல் ஓட்டை விழுந்து, வெள்ளைத் தூள் செற்றியின் பொலித்தீனில் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணை தோளில் தூளோடு, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா திரும்பிப் போய்க் குழம்பைக் கிண்டினா.

லெட்சுமணன் வந்தார், கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தார், மூடியை அமத்திப் பார்த்தார். நான் பார்த்ததுலயே இதுதான் நல்ல வீடு என்றார். பல்லி குடிபுகுந்தது. பூனை ஒன்றும் இல்லாத வீட்டில் பூனைக்குப் பயந்து அண்ணை மூடியின் மேல் பாரத்துக்குப் பஞ்சாங்கத்தை வைத்தார்.

சாப்பாட்டில் ஒரு சங்கடம் வந்தது. அதற்கு உயிருள்ள சில்வண்டுகள் வேண்டும், செல்லப்பிராணிக் கடையில் பெட்டியில் வரும். வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் மரக்கறி என்று அண்ணை சொல்ல, கிழமையில் ஒரு நாள் சாப்பிடாட்டி ஒண்ணும் ஆகாது என்றார் லெட்சுமணன். அப்படி அது வெள்ளி விரதக்காரியாயிற்று. மற்ற நாட்களில் குட்டிச் சில்வண்டுகளை ஒரு பையில் போட்டு, எலும்புக்கு நல்லதென்று ஒரு வெள்ளைப் பவுடரில் குலுக்கி உள்ளே விடவேண்டும். அவை உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு பலிக்குப் போகிற மாதிரி இருக்கும். அண்ணையால் அதைப் பார்க்க ஏலாது. கொட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். எது சாப்பிடப்பட்டது, எது தப்பியது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பல்லி பேசவில்லை. அண்ணை தினமும் வேலையால் வந்து, கோட்டுக் கழற்றாமல் அதற்கு முன்னால் நின்று கடை விஷயத்தைச் சொல்லுவார். அது கண்ணை மூடித் திறக்கும். மௌனம் சம்மதம் என்று அக்கா ஒரு முறை சொல்லிப் பார்த்தா. மௌனம் சம்மதமென்றால் இவ்வளவு வருடமும் எல்லாச் சுவரும் சம்மதித்ததாக அல்லவா ஆகும் என்று அண்ணை மறுத்துவிட்டார். ஈஸ்டர் கிட்ட வந்தது.

ஒரு வியாழக்கிழமை அக்கா முகம் வாடி வந்தா. பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டுகிற ஒருவன் கடையைக் கேட்டு வந்திருக்கிறானாம். கத்தரின் திங்கட்கிழமை வரைக்கும்தான் பொறுத்திருப்பாவாம். அண்ணை செற்றியில் இருந்து நெடுநேரம் தாடையைத் தடவினார்.

“எனக்கென்னவோ, செல்வம், கடை கிடை எங்களுக்குச் சரிவராது போலக் கிடக்கு—”

க்ரீக், க்ரீக் என்றது தொட்டி.

நாங்கள் மூவரும் அசையவில்லை. பிறகு அண்ணையின் கை எழும்பிச் செற்றியின் கைப்பிடியில் மூன்று தரம் தட்டியது. பொலித்தீன் சரசரத்தது. எழும்பிப் போய், சத்தம் எந்த மூலையில் இருந்து வந்தது என்று காதைக் கொடுத்துப் பார்த்து, பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். அக்கினி மூலை, வியாழக்கிழமை: காரியத்தடை.

ஊர்ப் பல்லி நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்ததுபோல அல்லவா சொல்லும், இது வேறு மாதிரி இருக்கிறதே என்று நான் மெல்லக் கேட்டேன்.

“லெட்சுமணன் ஆமா எண்டுறார், நாங்கள் ஓம் எண்டுறம். அதுக்காக அவர் கதைக்கிறது தமிழில்லையோ? இவ பாகிஸ்தான் பக்கத்து ஆள், தம்பி. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவா.”

அவருக்கு முகத்தில் ஓர் அமைதி வந்திருந்தது. லண்டனுக்கு வந்த நாளில் இருந்து அவர் எடுத்த முதல் முடிவு அது. அக்கா மாடிக்குப் போனா. படியேறுகிற சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

அடுத்த நாள் காலை பஸ் தரிப்பில் அக்கா, கத்தரினுக்குத் திங்கட்கிழமைதான் சொல்லப்போகிறேன், அதற்கு முதல் சொல்ல வாய் வராது என்றா. பிறகு, லெட்சுமணனைப் பல்லியை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன் என்றா.

“நான் கூட்டிக்கொண்டு வந்து குடிவைச்ச சாமான், தம்பி. எனக்கெதிராச் சாட்சி சொல்லுது.”

அதற்குப் பிறகு சாட்சி ஓயவில்லை. ரீவியில் நாளை மழை என்றார்கள், க்ரீக். இன்னும் கொஞ்சம் ரசம் விடும் என்றார் அண்ணை, க்ரீக். ஒவ்வொன்றுக்கும் தட்டித் தட்டி அவருடைய விரல் மொளி வீங்கிப் பிளாஸ்டர் ஒட்டவேண்டி வந்தது. சனிக்கிழமை பரீட்சித்துப் பார்த்தார். கடை வேண்டாம் என்றார்; க்ரீக். அக்கா இல்லாத நேரம் பார்த்து, கடை வேணும் என்று தொட்டிக்குக் கிட்டக் குனிந்து சொன்னார், க்ரீக், க்ரீக். அண்ணையின் முகத்தில் இருந்த அமைதி போய்விட்டது. எல்லாவற்றுக்கும் ஓம் என்கிற சாட்சியை வைத்துக்கொண்டு எந்த நீதவானும் தீர்ப்புச் சொல்ல ஏலாது.

ஞாயிறு மத்தியானம் லெட்சுமணன் ஐஸ்கிறீம் பெட்டியோடு வந்தார். அண்ணை தொட்டியை மறைத்துக்கொண்டு நின்று, அவவை ஏன் கொண்டுபோகவேணும், இப்பதானே கதைக்கத் தொடங்கியிருக்கிறா என்றார்.

“யாரு கதைக்கிறது?”

க்ரீக், க்ரீக்.

லெட்சுமணன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு விரலால் காட்டினார். பல்லி குளிர்ந்த தலைப்பில், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், வாயை இறுக மூடி நித்திரை. சத்தம் வந்தது மற்றத் தலைப்பில் இருந்து.

“அண்ணே, பேசறது பல்லி இல்ல. அதோட சாப்பாடு.”

மூடியைத் திறந்து, அக்கினி மூலையில் கிடந்த மரப்பட்டையைத் தூக்கினார். சூட்டுப் பாய்க்கு மேல், சின்னவிரல் தடிப்பில் ஒரு சில்வண்டு, இரண்டு இறகையும் ஒன்றோடொன்று உரசியபடி நின்றது. வந்த புதிதில் தப்பிய குட்டி ஒன்று, இந்த நல்ல சூட்டில் வளர்ந்து இறகு முளைத்துவிட்டது என்று லெட்சுமணன் விளக்கினார். குட்டிகள் சத்தம் போடாது, இறகு வந்த ஆண்தான் போடும்.

“எதுக்குப் போடும்?” என்று கேட்டார் அண்ணை.

“பொண்ணு தேடுதுண்ணே.”

அண்ணை வியாழக்கிழமை காரியத்தடை என்று நினைத்தது ஒரு கலியாண விளம்பரம்.

பட்டை தூக்கிய வெளிச்சத்தில் சில்வண்டு துள்ளித் தண்ணீர்ப் பக்கம் போனது, பல்லி கண்ணைத் திறந்தது. தலையைத் தாழ்த்தியது. வாலின் நுனி மட்டும் நடுங்கியது. அண்ணை இந்த முறை முகத்தைத் திருப்ப மறந்துபோனார். ஒரே பாய்ச்சல். பிறகு அதன் வாயின் ஓரத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை. கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தது. வீடு அமைதியாகிவிட்டது.

“ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கூழ்ப்பானைக்குள்ளை விழுமாம் துள்ளி எண்டுவினம்,” என்றா அக்கா. “இஞ்சை சகுனத்தையே பல்லி விழுங்கிப்போட்டுது.”

அண்ணை பஞ்சாங்கத்தை எடுத்தார். இதற்குப் பலன் அதில் போட்டிருக்கவில்லை. இரண்டு தரம் புரட்டிவிட்டு மூடினார்.

“அப்ப இனி ஆரைக் கேக்கிறது?” என்று எங்களைப் பார்த்தார். லெட்சுமணன் பெட்டியைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“நான் ஒண்டே ஒண்டு கேக்கிறன்,” என்றா அக்கா. “உந்தச் சுவரிலை ஓட்டை போட்டனீங்கள். எந்தப் பல்லியைக் கேட்டுப் போட்டனீங்கள்?”

அண்ணை சுவரைத் திரும்பிப் பார்த்தார். யாரோ வந்து போட்டுவிட்டுப் போன ஓட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அப்ப இவ வரேல்லையே.”

“ஓம். வரேல்லை. தொட்டி இஞ்சை நிக்கவேணும், சூடு அங்கை வரவேணும், தண்ணி உங்கை இருக்கவேணும். எல்லாம் ஆர் சொன்னது?”

“அது செல்வம்... அவ சூட்டுநாட்டு ஆள். இந்த ஊர்க் குளிர் அவவுக்கு ஏலாது எண்டுதான்—”

“எனக்கும் குளிருது,” என்றா அக்கா.

அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதுபோலத்தான் சொன்னா.

“அந்தப் பின்னறையிலை, கதவடியிலை, எத்தினை வருசம். ஹீற்றர் முன்னுக்குத்தான் கிடக்கு. அங்கை போய் இருக்கவேணுமெண்டால் கடை என்ரையா இருக்கவேணும்.”

லெட்சுமணன் மூடியைப் போட்டுவிட்டு ஐஸ்கிறீம் பெட்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அண்ணை செற்றியில் இருந்தார். தொட்டியைப் பார்த்தார். பல்லி குளிர்ந்த தலைப்பில் இருந்து எழும்பி, வயிற்றை இழுத்துக்கொண்டு, எட்டுத் திக்குப் பிளாஸ்டரையும் தாண்டி, சூட்டுப் பாய்க்கு நடந்து போய்ப் படுத்தது. யாரையும் கேட்கவில்லை.

அவர் எழும்பினார். பொலித்தீன் சத்தம் போட்டது. மாடிக்குப் போனார். மேலே அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி இறங்கும்போது ஒரு கையில் அளவுநாடா, மற்றக் கையில் குமிழிக் கட்டை.

“கத்தரின் இண்டைக்கு வீட்டிலை இருப்பாவோ?”

“இருப்பா.”

“போன் பண்ணும். நாளைக்கு ரண்டு பேரும் வந்து ஒப்பம் வைக்கிறம் எண்டு சொல்லும்.” அக்கா போனை எடுக்கப் போகையில், பின்னால் கூப்பிட்டுக் கேட்டார்: “அந்தக் கடைச் சுவர் செங்கல்லோ, பலகையோ எண்டும் கேளும். ஓட்டை போட வேறை ஊசி வேணும்.”

பெயர்ப்பலகை பச்சையில், வெள்ளை எழுத்தில், கொஞ்சமும் சரியாமல் நின்றது. அதைப் பூட்டியவர் குமிழியைப் பார்த்துக்கொண்டு ஏணியில் நின்ற நேரத்தில் சட்டன் கடைத்தெருவில் பாதிச் சனம் சுற்றிப் போகவேண்டியிருந்தது. அக்கா ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து ஆட்களோடு கதைத்துக்கொண்டு தைத்தா. பிறகு வந்த வருடங்களில் எங்கள் பெண்டுகள் சட்டை தைக்கத் தூரத்து லூயிஷாமில் இருந்தும் வரத் தொடங்கினார்கள். நான் அந்த வீட்டைவிட்டுப் போகும்போது மணிக்கூடு சுவரில் இருந்தது. பிள்ளையாரும் முருகனும் சுவரில் இருந்தார்கள். செற்றியின் பொலித்தீனை மட்டும் அண்ணை கழற்றவில்லை. அதைப் பற்றி இன்னும் பாப்பம் என்றுதான் சொல்கிறார்.

பல்லி இன்றைக்கும் இருக்கிறது. இந்த இனத்துக்கு ஆயுள் கெட்டி என்று லெட்சுமணன் சொல்கிறார். செல்லப்பிராணிக் கடைக்கு அண்ணைதான் போவார். சில்வண்டில் ஆகச் சின்னனைத்தான் கேட்பார், இறகு முளைத்தது ஒன்றும் கலந்துவிடக்கூடாது என்று பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பெரிதென்றால் வயிறு நிறையுமே, ஏன் வேண்டாம் என்று அங்கே வேலை செய்கிற பெண் ஒரு முறை கேட்டாளாம். வீட்டில் முடிவு சொல்ல ஒருத்தி இருக்கிறா, அது போதும் என்று அவளுக்கு விளங்கும்படி இங்கிலிஷில் சொல்லிவிட்டு வந்ததாக அண்ணை எனக்குச் சொன்னார்.